முதுகுவலியும் எம்ஆர்ஐ அவசரமும்

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னால், அடுத்து நடப்பவை நம் ஊர்களில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டன. மருந்துக் கடையில் இரண்டு நாளைக்கு வலி மாத்திரை, மூன்றாம் நாள் இடுப்பு பெல்ட், அதற்கும் வலி குறையாவிட்டால் வாரம் முடிவதற்குள் ஸ்கேன் சென்டர். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்து எழுந்தபின் கைக்கு வரும் அறிக்கையில் எல் 4 - எல் 5, எல் 5 - எஸ் 1 என்று முள்ளெலும்புகளின் எண்கள் இருக்கும். டிஸ்க்கில் நீர் வற்றியிருக்கிறது, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எலும்பு முனை வளர்ந்திருக்கிறது, நரம்பு வேரைத் தொடுகிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். அன்று மாலையிலிருந்து அவர் டிஸ்க் நோயாளி. பேரப்பிள்ளையைத் தூக்க மாட்டார், தரையில் சம்மணமிட்டு உட்கார மாட்டார், குனிந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்கவும் வீட்டார் விட மாட்டார்கள். இந்த வழக்கத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத முதுகு, கழுத்து, தோள் வலிக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எடுக்கப்படும் ஸ்கேன் பெரும்பாலானோருக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. கணிசமான பேருக்குக் கெடுதல் செய்கிறது. ஏன் என்பதற்கான விடை நம் முதுகின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

முதுகெலும்புத் தொடரில் 33 எலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் தனித்தனியாக அசையக்கூடியவை. அவற்றுக்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒட்டி ஒன்றான திரிகம், கடைசியில் வழக்கமாக நான்கு துண்டுகள் சேர்ந்த வால் எலும்பு. பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாகத்தான் இருக்கும். தலை நிற்கும் மாதங்களில் கழுத்தின் எதிர்வளைவு உருவாகிறது. எழுந்து நடக்கும் பருவத்தில் இடுப்பின் வளைவு உருவாகிறது. நிமிர்ந்த முதுகுதான் நல்ல முதுகு என்று நினைக்கிறோம், ஆனால் வளைவுகளால்தான் அது எடை தாங்குகிறது. தசைகளைப் பார்த்தால் முதுகு, கழுத்து, தோள் என்று நாம் பிரித்துப் பேசுவதே உடம்புக்குப் பொருந்தாது என்று தெரியும். கீழ்முதுகிலும் இடுப்பெலும்பின் விளிம்பிலும் தொடங்கும் ஓர் அகன்ற தசை மேலேறிப் போய் மேற்கை எலும்பில் சேர்கிறது. பிடரியில் தொடங்கும் இன்னொன்று கழுத்தையும் தோள்பட்டையையும் நடுமுதுகையும் ஒரே விரிப்பாக இணைக்கிறது. கையும் தோள்பட்டையும் உடலின் நடு எலும்புக்கூட்டோடு எலும்பு வழியாகச் சேருவது காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் ஒரே இடத்தில்தான். மற்றபடி தோள்பட்டை முழுவதும் தசைகளை நம்பியே நிற்கிறது. இடுப்பில் தொடங்கிய பிடிப்பு தோள் வரை ஏறுவதற்கும், கழுத்து வலி கைக்கு இறங்குவதற்கும் இந்தக் கட்டமைப்பு இடம் கொடுக்கிறது. இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்பு வேர்கள். எனவே எல் 4 - எல் 5 இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றால் தண்டுவடமே நசுங்குகிறது, நாளை இரண்டு கால்களும் விழுந்துவிடும் என்று கலங்குவதற்கு உடற்கூறு ஆதாரம் தருவதில்லை. அரிதாக அந்த நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதுண்டு. அதன் அடையாளங்கள் வேறு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்த டிஸ்க்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் அத்தனை பயமும் அதைச் சுற்றித்தான். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு வட்டத் தட்டு. வெளிப்புறம் வெங்காயத்தின் உரிகள்போல் 15 முதல் 25 வரை நார் அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் நார்கள் அடுத்த அடுக்கின் நார்களுக்குக் குறுக்காகச் சாய்ந்து ஓடும். நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற கரு. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் டிஸ்க் இடம்விட்டு இடம் நழுவ முடியாது; அதிகபட்சம் நார் அடுக்குகள் விரிந்து கரு வெளியே பிதுங்கலாம். வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. எலும்பை ஒட்டியிருக்கும் மெல்லிய தகட்டின் வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. இந்தக் கசிவை உயிருள்ள மனிதர்களிடம் பல மணி நேரம் தொடர்ச்சியாகப் படமெடுத்துக் காட்டிய முக்கியமான ஆய்வு கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு செய்து 2004இல் வெளியிட்டது. பன்னாட்டு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது. பகல் முழுக்க நாம் நின்று நடந்து சுமக்கும்போது டிஸ்க்கிலிருந்து நீர் மெல்ல வெளியேறுகிறது, இரவில் படுத்திருக்கும்போது திரும்ப ஊறுகிறது. காலையில் எழுந்ததும் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

1999இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு, தானாக முன்வந்த ஒருவரின் எல் 4 - எல் 5 டிஸ்க்குக்குள் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி, அவர் அன்றாட வேலைகளைச் செய்யும்போது அளந்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. இருபது கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3 ஆக எகிறியது. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. நிற்பதைவிட உட்காருவது டிஸ்க்குக்குப் பெரிய சுமை என்று அதற்கு முன் முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. இந்த அளவீட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தபோது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஒரே ஒரு மனிதரின் அளவீடு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. சுமை எவ்வளவு என்பதோடு அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. அடுத்து, அழுத்தம் ஏறி இறங்குவதுதான் டிஸ்க்கின் இயல்பான வாழ்க்கை; ஒரே நிலையில், அது எவ்வளவு 'சரியான' நிலையாக இருந்தாலும், மணிக்கணக்கில் உறைந்திருப்பது அதற்கு ஒவ்வாதது.

ரத்த ஓட்டம் இல்லாத ஓர் உறுப்பு காலப்போக்கில் மாறாமல் இருக்க முடியாது. இருபதுகளிலேயே நீர் குறையத் தொடங்குகிறது, கரு இறுகுகிறது, உயரம் சற்றுத் தாழ்கிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 33 ஆய்வுகளிலிருந்து முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி இல்லாத இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. ஐம்பது வயதில் தேய்மானம் 80 சதவீதம், பிதுக்கம் 60 சதவீதம். எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம்! இவர்கள் யாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனவர்கள் அல்லர். இந்த எச்சரிக்கை புதிதும் அல்ல. 1994இலேயே அமெரிக்காவில் வலியில்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது 36 சதவீதம் பேருக்குத்தான் எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக இருந்தன. தோளிலும் இதே கதைதான். தோள் வலி இல்லாத 96 பேரை 1995இல் பரிசோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரில் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இருந்தது. ஆக, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எந்தக் காரணத்துக்காக முதுகை ஸ்கேன் எடுத்தாலும் அறிக்கையில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதுதான் அவருடைய வலிக்குக் காரணம் என்று சொல்ல அந்தப் படம் மட்டும் போதாது.

படத்தைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் காலுக்கு இறங்கும் முதுகுவலி கொண்ட 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வார இடைவெளிக்குள் பத்து வெவ்வேறு மையங்களுக்கு அனுப்பி எம்ஆர்ஐ எடுத்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 வெவ்வேறு கண்டுபிடிப்புகள் எழுதப்பட்டிருந்தன. பத்து அறிக்கைகளும் ஒருமித்துச் சொன்ன கண்டுபிடிப்பு ஒன்றுகூட இல்லை. கதிரியக்க மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. உருவத்தில் தெரிகிற சின்னச் சின்ன மாற்றங்களில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதற்கு இயற்கையில் கோடு கிழித்து வைக்கப்படவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரல் பலத்தையும் முழங்கால் அனிச்சையையும் சோதித்த மருத்துவர் கையில் அதே படம் வேறு பொருள் தரும். அந்தச் சோதனை எதுவும் இல்லாமல் நேராக வாங்கிய படத்துக்குப் பாதிப் பொருள்தான்.

உண்மையிலேயே டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தி, கால் முழுக்கச் சுரீரென்று இழுக்கும் வலி வருவதுண்டு. 1934இல் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் அதை நிறுவியது மருத்துவ வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு. அதன் நிழல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக எல்லா முதுகுவலி மீதும் விழுந்து கிடக்கிறது என்பதுதான் வருத்தம். அப்படிப் பிதுங்கியதுகூட அப்படியே நின்றுவிடுவதில்லை. வெளியே வந்த பகுதியை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணுக்கள் வந்து அதைக் கரைக்கின்றன. 2015இல் வெளியான தொகுப்பாய்வின்படி, முற்றிலும் துண்டாகிப்போன டிஸ்க் பகுதிகளில் 96 சதவீதமும், நார் அடுக்கைத் தாண்டி வெளியே வந்தவற்றில் 70 சதவீதமும் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சுருங்கின. அறிக்கையில் பார்க்க எது மோசமாகத் தெரிகிறதோ அது கரையும் வாய்ப்பே அதிகம். நெதர்லாந்தில் கடுமையான கால்நரம்பு வலி இருந்த 283 பேரைச் சீக்கிரமே அறுவை சிகிச்சைக்கு ஒரு பாதியும், முதலில் காத்திருந்து பார்ப்பதற்கு ஒரு பாதியுமாகப் பிரித்தார்கள். 2007இல் முடிவு வந்தது. அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது, அது சிறிய விஷயம் அல்ல. காத்திருந்தோரில் பத்தில் நால்வர் பிற்பாடு அறுவைக்குப் போனார்கள். ஓர் ஆண்டு முடிவிலோ இரண்டு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள்.

அப்படியானால் ஸ்கேனில் தெரியாத வலி மனப்பிரமையா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளின் பின்புறமுள்ள சிறு மூட்டுகள், டிஸ்க்கின் வெளி அடுக்கு எல்லாவற்றிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் எது சிணுங்குகிறது என்பதை எந்தக் கருவியும் படம்பிடித்துக் காட்டுவதில்லை. தூக்கக் குறைவு, பல மணி நேரம் ஒரே மாதிரியான வேலை, மனக்கவலை, பழக்கமில்லாத திடீர்ச் சுமை ஆகியவை அந்தச் சிணுங்கலைக் கூட்டுகின்றன. வலி நிஜம். அதற்குக் காரணமாகப் படத்திலிருந்து நாம் பொறுக்கி எடுக்கும் கோளாறுதான் பல நேரம் பொருத்தமில்லாதது.

பொருத்தமில்லாத காரணம் தெரிந்தால் என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு, அதை அளந்தும் இருக்கிறார்கள், நம் கோயம்புத்தூரிலேயே. அதே கங்கா மருத்துவமனைக் குழு நாள்பட்ட முதுகுவலி உள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ அறிக்கையில் உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, படத்தில் இருப்பவை வயதுக்கேற்ற இயல்பான மாற்றங்கள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சிகிச்சை இருவருக்கும் ஒன்றே. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அறிக்கையைக் கேட்டவர்களுக்குத் தங்கள் முதுகைப் பற்றிய பயம் கூடியிருந்தது, வலியும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வு சிறியது என்பது உண்மை; ஆனால் அது தனியாக நிற்கவில்லை. பிரிட்டனில் ஆறு வாரமாவது முதுகுவலி இருந்த 421 பேரில் பாதிப்பேருக்கு எக்ஸ்ரே எடுத்து, பாதிப்பேருக்கு எடுக்காமல் விட்டார்கள். 2001இல் வந்த முடிவின்படி, மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தவர்களிடையே வலி தொடர்ந்தோர் அதிகம். மருத்துவரிடம் திரும்பப் போனோரும் அதிகம். ஆனால் சிகிச்சை திருப்தியாக இருந்தது என்று அதிகம் சொன்னவர்களும் அவர்களே. இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. நமக்கு நன்மை செய்யாத ஒன்று நம்மைத் திருப்திப்படுத்தவும் செய்கிறது என்றால், நோயாளி கேட்கிறார் என்பதை ஸ்கேனுக்கு நியாயமாகச் சொல்ல முடியாது. 2009இல் ஆறு சோதனைகளின் முடிவுகளை, 1,804 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வும், ஆபத்து அறிகுறி இல்லாதோருக்கு உடனே படமெடுப்பதால் வலியிலோ நடமாட்டத்திலோ முன்னேற்றம் இல்லை என்றே முடித்தது.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் மிக வலுவானது, நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இருக்கிறதே என்பது. பிரிட்டனுக்கோ நெதர்லாந்துக்கோ எழுதிய விதியை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பார்கள். நியாயமான கவலை. காசநோய், புற்றுநோய் பரவல், எலும்பு முறிவு, நரம்புக் கற்றை நசுங்கல் ஆகியவற்றில் ஸ்கேன் தாமதமானால் கால்கள் போகலாம், உயிரும் போகலாம். ஆனால் இவை அடையாளம் காட்டாமல் வருவது குறைவு. படுத்தாலும் குறையாத, இரவில் எழுப்பும் வலி. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி. விழுந்தபின் வரும் வலி, அதுவும் வயதானவர்களுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும். நாளுக்கு நாள் கூடும் கால் பலவீனம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலத்தை அடக்க முடியாமை, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது. கடைசியாகச் சொன்னவை இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காசநோய் நம்மிடையே அதிகம் என்பதால் காய்ச்சலையும் எடைக்குறைவையும் பற்றிக் கேட்பதில் நம் மருத்துவர்கள் மேலைநாட்டவரைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், சிறு அறிகுறிக்கும் சந்தேகப்பட வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்காக எல்லோரையும் இயந்திரத்துக்குள் அனுப்புவது தீர்வாகாது. எல்லோருக்கும் எடுத்தால் உண்மையில் அவசரமாகத் தேவைப்படுகிறவர் அரசு மருத்துவமனையில் நாள்கணக்கில் வரிசையில் நிற்பார்.

மருத்துவர்கள் தரப்பு வாதம் வேறு. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஏதேனும் தவறிவிட்டால் 'ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை' என்று கேட்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது, புரிந்துகொள்ளக்கூடிய அச்சம்தான். ஆபத்து அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, காலின் பலத்தைச் சோதித்து, 'இன்னின்ன இல்லை, இந்த அறிகுறி வந்தால் உடனே வரவும்' என்று சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது மருத்துவருக்கும் பாதுகாப்பு, நோயாளிக்கும் பாதுகாப்பு. வேறு சிலர், படம் எடுங்கள், அறிக்கையிலேயே 'வலி இல்லாத இத்தனை சதவீதம் பேருக்கும் இது இருக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பயம் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் நோயாளிகளிடம் இதையே செய்து பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வலுவான வலிமருந்துகளின் பயன்பாடு சற்றுக் குறைந்ததே தவிர, அடுத்தடுத்த பரிசோதனைகளும் சிகிச்சைகளும் குறையவில்லை. அறிக்கை கைக்கு வந்தபின் ஆறுதல் சொல்வது தாமதம். அதை வாங்குவதற்கு முன்பே பேச வேண்டும்.

இனி உழைப்பாளர் தரப்பு. 'நடமாடு, படுக்காதே' என்பது குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குச் சரி, மூட்டை தூக்குகிறவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற எந்தக் கட்டுரையும் நேர்மையானது அல்ல. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வு, டிஸ்க் தேய்மானத்தைத் தீர்மானிப்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு, வாழ்நாள் முழுக்கச் சுமந்த சுமைக்குச் சிறு பங்குதான் என்று காட்டியது. அதை வைத்து, சுமையால் ஒன்றும் ஆகாது என்று எந்த முதலாளியும் சொல்லிவிடக் கூடாது. டிஸ்க்கின் தோற்றம் வேறு, மனிதரின் வலி வேறு என்பதுதானே இதுவரை பார்த்தது? சுமை, திருகிக் குனிதல், ஓய்வின்மை ஆகியவை வலியைத் தருகின்றன. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டுச் சூத்திரப்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் கையால் தூக்கப் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 25 கிலோ மூட்டைதான் வழக்கம்; அங்கே உள்ள முதுகும் இங்கே உள்ள முதுகும் ஒரே 33 எலும்புதான். காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தைத் தொழிலாளியைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் சுமைக்கூலி வாங்கும் பெரும்பாலானோர் தொழிற்சாலைக்கு வெளியே, கிட்டங்கியிலும் லாரியிலும் கட்டுமான இடத்திலும் இருக்கிறார்கள்.

நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதும் ஒரு சுமைதான். துணிக்கடை, நகைக்கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தன. மனமார வரவேற்க வேண்டிய சட்டம். இருக்கையைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால் முறைக்கிற மேலாளர் இருக்கும்வரை அந்தச் சட்டம் பாதிதான் நிறைவேறியது. ஒரு ஊழியரின் முதுகைப் படமெடுக்கச் செலவாகும் சில ஆயிரம் ரூபாயில் எத்தனை முக்காலிகள் வாங்கலாம் என்று கடைக்காரர்கள் கணக்குப் போடட்டும்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தின் மேல் 27 கிலோ சுமை ஏறுகிறது என்ற படம் வாட்ஸ்அப்பில் சுற்றாத குடும்பமில்லை. அது 2014இல் கணினி மாதிரியில் போட்ட ஒரு கணக்கு. யாருடைய கழுத்திலும் அளந்தது அல்ல. குனிந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலி அதிகமா என்று நேரடியாகப் பார்த்த பிரேசில் ஆய்வு ஒன்றில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதியை முதல் இரண்டு கழுத்தெலும்புகளே தருகின்றன. அத்தனை நுட்பமாக அசைவதற்கென்று அமைந்த உறுப்பை 'காலர்' மாட்டி வாரக்கணக்கில் கட்டிவைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தோளைப் பொறுத்தவரை, சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் மாநிலத்தில் தோள் இறுகிப்போகும் நோய் அதிகம் கண்ணில் படும். அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. நோயாளியால் கையைத் தானாகத் தூக்க முடியாது, மருத்துவர் பிடித்துத் திருப்பினாலும் அது திரும்பாது. அதுவே போதும்.

ஸ்கேன் வேண்டாம் என்றால் பிறகு என்னதான் செய்வது? 1986இல் அமெரிக்காவில் முதுகுவலியோடு வந்த 203 பேரில் பாதிப்பேருக்கு இரண்டு நாள், பாதிப்பேருக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு சொன்னார்கள். இரண்டு நாள் பிரிவினர் வேலையை இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு, குணமாவதில் வித்தியாசமில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுத்தவர்களையும் தனிப்பயிற்சி செய்தவர்களையும்விட, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் மீண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊரில் பணம் செலவாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலில்தான்.

மக்களின் எண்ணத்தை மாற்ற முடியுமா என்று சந்தேகப்படுவோருக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பதில் சொல்கிறது. 1997 முதல் 1999 வரை அங்கே அரசின் தொழிலாளர் இழப்பீட்டு அமைப்பு, முதுகுவலிக்காகப் படுத்துவிடாதீர்கள், வேலையிலும் நடமாட்டத்திலும் இருங்கள் என்று தொலைக்காட்சியில் தொடர்ந்து சொன்னது. மக்களின் நம்பிக்கை மாறியது, மருத்துவர்கள் எழுதும் முறை மாறியது, முதுகுவலி இழப்பீட்டுக் கோரிக்கைகள் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பிரச்சாரம் நடக்காத அண்டை மாநிலத்தில் இந்த மாற்றம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதைச் செய்யும் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டுகள் போகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதுகுவலி என்று வருகிறவருக்கு ஆபத்து அறிகுறிகளைக் கேட்டு முடித்ததும் வலி மாத்திரைச் சீட்டோடு அவர்களிடமும் அனுப்பிவைப்பது அரசுக்குப் பெரிய செலவு வைக்காது. ஆபத்து அறிகுறிகளை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு புறநோயாளிப் பிரிவின் சுவரிலும் ஒட்டலாம். சிமெண்ட், உர மூட்டைகளை 25 கிலோவாகக் குறைக்கும்படி தொழில்துறையிடம் அரசு பேசலாம். அதனால் பயன்பெறும் முதுகுகளின் எண்ணிக்கையை எந்த ஸ்கேன் சென்டரும் எட்ட முடியாது.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அடுத்த முறை முதுகோ கழுத்தோ பிடித்துக்கொண்டால், மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இல்லையென்றால், ஸ்கேன் சீட்டைக் கையில் வாங்கும் முன் மருத்துவரிடம் மரியாதையோடு ஒன்றைக் கேளுங்கள்: 'இதில் என்ன வந்தாலும் எனக்கு நீங்கள் தரப்போகும் சிகிச்சை மாறுமா, டாக்டர்?' மாறாது என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைச் சொல்லுங்கள்.